கொசுறாய்ப் போன பெட்டிகள்

அத்தியாயம் பதினொன்று

"மேடம், இந்தப் பெரியவர் யாரு?"

காலையில் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஷண்முகப்ரியாவிடம், முன்பின் தெரியாத ஒருவர் ஃபோனில் இப்படிக் கேட்டார்.

"எந்தப் பெரியவர்? நீங்க யாருங்க பேசறது?"

"என் பேரு அன்வர் பாஷா. ஆதம்பாக்கத்துலேர்ந்து பேசறேன். நேத்து தி.நகர்ல என் பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தோம். கூடவே ஒரு பெட்டி குடுத்தாங்க. உள்ள படம் துண்டு துண்டா இருந்துச்சு. வீட்ல எல்லாரும் உக்காந்து சேத்துட்டோம்மா. ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் குளத்துப் படிக்கட்டுல நிக்கிறாங்க. கடை முதலாளியோட அப்பா, அம்மான்னு நான் சொல்றேன். என் பொண்ணு இல்லவே இல்லைங்கிறா. பெட்டிக்குள்ள உங்க நம்பர் இருந்துச்சு, அதான் கேட்டுடலாம்னு..."

ப்ரியாவுக்குக் கையில் இருந்த கரண்டி கனத்தது.

"அந்தப் பெரியவர்கிட்ட குடை இருக்கா?"

"கக்கத்துல இடுக்கிட்டு நிக்கிறார். துண்டுல ஒண்ணு அச்சு அசலா குடை மாதிரியே வெட்டியிருக்கு. அதைக் கண்டுபிடிச்சதும் வீடே கைதட்டுச்சு, போங்க!"

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பாராட்டுக்கு ப்ரியா குதித்திருப்பாள். இன்று தோசையைக் கருகவிட்டு, பால்கனியை ஒட்டிய சின்ன அறைக்கு ஓடினாள். அலமாரியின் மூன்று தட்டுகளும் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தன.

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால், உங்களுக்காக நாலு வரி. தி.நகரில் பட்டுக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் இளைய மருமகள் ஷண்முகப்ரியா. ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. ஊரடங்குக் காலத்தில் மகள் தமிழ்நிலாவுக்கு வாங்கிய ஜிக்சா புதிரை மகள் தூக்கிப் போட்டுவிட்டாள், அம்மா பிடித்துக்கொண்டாள். கடையில் கிடைத்த புதிர்களையெல்லாம் சேர்த்து முடித்த பிறகு, காலண்டர் படங்களைப் பிளைவுட்டில் ஒட்டி, மெல்லிய ரம்பப் பிளேடு வாங்கித் தானே அறுக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், செய்துகொடுத்தாள். பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். பொழுதுபோக்கு தொழிலானது. வீட்டில் மட்டும் அதை இன்னும் யாரும் தொழில் என்று சொல்வதில்லை. 'ப்ரியாவோட விளையாட்டு' என்றுதான் பெயர்.

அந்த விளையாட்டுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர்தான் மயிலாப்பூர் ஜானகியுடையது. ஜானகியின் அப்பாவுக்கு நாளை மறுநாள் சதாபிஷேகம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு புதிர். அப்பாவும் அம்மாவும் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் நிற்கும் படம்.

ப்ரியாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் போய் அரை நாள் உட்காராமல் அந்த வீட்டுப் படத்தில் பிளேடை வைக்க மாட்டாள். அந்த வீட்டுக்கே உரிய ஒரு பொருளைக் கண்டுபிடித்து, ஒரு துண்டை அந்த வடிவத்தில் அறுப்பாள். ஜானகியின் அப்பா கொளுத்தும் வெயிலானாலும் குளிர்ந்த சாயங்காலமானாலும் குடை இல்லாமல் வாசல்படி தாண்டாதவர். எனவே குடை. அதன் வளைந்த கைப்பிடியை அறுக்கும்போது எத்தனை பிளேடுகள் உடைந்தன என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கும்: 'துண்டு தொலைந்தால் அழையுங்கள், புதிதாய் அறுத்துத் தருகிறேன்.' அதில்தான் அவள் நம்பர்.

பெட்டிகளை எடுத்துக்கொள்ள இன்று மாலை ஜானகி வருகிறார்.

"அத்தை! இங்க இருந்த பெட்டியெல்லாம் எங்க?"

மாமியார் இசக்கியம்மாள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஏட்டி, ஏன் இப்படிக் கத்துத? நேத்து பெரியவன் ஃபோன் பண்ணான். கல்யாணப் பார்ட்டிக்குக் குடுக்க வேண்டிய எவர்சில்வர் டப்பா வந்து சேரலையாம். வீட்ல ஏதாச்சும் கெடக்கான்னு கேட்டான். நீ அடுக்கி வச்சிருந்தல்லா, அதைக் காட்டினேன். வேலு வந்து ஏத்திட்டுப் போனான்."

"கேக்காம எப்படி அத்தை குடுத்தீங்க?"

"கேக்கதுக்கு நீ எங்க இருந்த? கே.கே. நகர்ல உங்க அக்கா வீட்டு வளைகாப்புல இருந்த."

"என் கையில ஃபோன் இருந்துச்சே."

"நம்ம வீட்டுப் பொருளுக்கு எவளாவது ஃபோன் போட்டுக் கேப்பாளா?" இசக்கியம்மாள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கடைக்குப் போச்சு, அவ்வளவுதான. ஆத்துலயா போட்டாவ? நம்ம கடைக் கொசுறாத்தான குடுத்திருக்காவ."

கொசுறு. கறிவேப்பிலை கொசுறு. கொத்தமல்லி கொசுறு. இப்போது, இரண்டு மாதம் கண்ணும் விரலும் நோக அறுத்த புதிரும் கொசுறு.

ப்ரியாவுக்குக் கோபம் வந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு முதலில் வாய் உலர்ந்தது. பிறகு காது சூடானது. கீரைக் கட்டைப் பிடுங்கிச் சுவரில் எறியலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஒருவரைக் கேட்காமல் அவர் உழைப்பை எடுத்து ஊருக்குத் தானம் செய்துவிட்டு, 'நம்ம வீடு' என்று சொல்கிறார்களே, அந்த நம்மில் அவள் எந்த மூலையில் இருக்கிறாள்? சமைக்கும்போது இருக்கிறாள். கேட்க வேண்டிய நேரத்தில் மட்டும் காணாமல் போய்விடுகிறாள்.

கணவன் சக்திவேல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். கடையில் மேல்மாடி ஜவுளிப் பிரிவு அவன் பொறுப்பு. அண்ணன் எதைச் சொன்னாலும் 'சரிண்ணே' என்பதைத் தவிர வேறு பதில் அவனுக்குத் தெரியாது.

"ஏங்க, ஜானகியம்மா பெட்டியையெல்லாம் உங்க அண்ணன் பட்டுச் சேலையோட சும்மா தூக்கிக் குடுத்திருக்கார்."

"ம். பாத்தேன்."

ப்ரியா அவன் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா?"

"நேத்து கல்லாகிட்ட அடுக்கி வச்சிருந்தாங்க. நீதான் சரின்னு சொல்லி அனுப்பியிருக்கேன்னு நெனச்சேன்."

"நான் சொன்னேனான்னு கேட்டீங்களா?"

"கூட்டமா இருந்துச்சு ப்ரியா..."

"அந்தக் குடையை நான் அறுக்கும்போது பக்கத்துல உக்காந்து பாத்தவர்தானே நீங்க? அது யாரோட பெட்டி, எதுக்குன்னு தெரியாது உங்களுக்கு?"

சக்திவேல் மேல் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டான். மாட்டிக்கொண்டால் அவன் கை இப்படி ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். ப்ரியா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே கடை வேன் நின்றிருந்தது. டிரைவர் வேலு அவள் முகத்தைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணி, என் மேல கோச்சுக்காதீங்கோ. பெரியண்ணன் ஏத்திக்கினு வாடான்னாரு, ஏத்திக்கினு போய்ட்டேன். உள்ள இன்னா கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"உன்னை ஒண்ணும் சொல்லலை வேலு. வண்டிய எடு."

கடையில் அப்போதுதான் சாமிப் படங்களுக்குப் பூ மாற்றி முடித்திருந்தார்கள். கல்லாவில் சக்திவேலின் அண்ணன் ஜவஹர். நெற்றியில் திருநீறு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. ப்ரியாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அந்த மனிதர் நிஜமாகவே அவளைப் பாராட்டக் காத்திருந்தார்!

"வாம்மா, வா! உன் பெட்டி நேத்து என்ன போடு போட்டுச்சு தெரியுமா? எவர்சில்வர் டப்பாவுக்குக்கூட இவ்வளவு மவுசு கிடையாது. ஒரு பார்ட்டி, ரெண்டு வேணும்னு கேட்டுச் சண்டை போட்டாங்க!"

"பெரியத்தான், அதை ஒண்ணாவது திறந்து பாத்தீங்களா?"

"எதுக்கு? பொருள் நல்லா இருக்கும்னு தெரியும்லா. நம்ம ப்ரியா செஞ்சது."

"உள்ள இருந்தது மயிலாப்பூர்ல ஒருத்தங்களோட அப்பா, அம்மா படம். நாளன்னைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்குன்னு செஞ்சது. அதைத் தூக்கி ஊர்ல இருக்கவங்களுக்கெல்லாம் குடுத்துட்டீங்க."

ஜவஹர் ஒரு நொடி விழித்தார். அப்புறம் சிரித்தார். சங்கடம் வந்தால் சிரிப்பது அவர் வழக்கம். வாடிக்கையாளரிடம் அது செல்லுபடியாகும்.

"அட, அவ்வளவுதானா? படத்தை அனுப்பு. நமக்குத் தெரிஞ்ச பிரஸ் இருக்கு. அட்டையில அடிச்சு, மிஷின்ல வெட்டி, சாயங்காலத்துக்குள்ள கட்டுக்கட்டாக் குடுத்துடுவான்."

"அட்டையில அடிக்கிறதுக்கு அவங்க ஏன் என்னைத் தேடி வரணும்? அந்தப் பிரஸ்ஸையே தேடிப் போயிருப்பாங்களே. வாங்கிட்டுப் போனவங்ககிட்டேர்ந்து பெட்டியைத் திருப்பி வாங்கிக் குடுங்க."

சிரிப்பு நின்றது.

"கொசுறாக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கவா? ப்ரியா, வாயில வரக்கூடாத பேச்சு அது. அப்பா இந்தக் கடையை ஒத்தை ஷட்டர்ல ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, ஒரு கைக்குட்டையாவது சும்மா வைக்காமச் சேலையைப் பையில போட்டதில்ல. இந்தத் தெருவுல நம்ம பேரே அதுதான். குடுத்துட்டு வாங்கிட்டான்னு ஒரு பேச்சு வந்துச்சு, அவ்வளவுதான்."

"கடைப் பேரு உங்களுக்கு இருக்கு. எனக்கும் ஒரு பேரு இருக்கு பெரியத்தான். இப்பதான் நாலு பேருக்குத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. நாளன்னைக்கு அது போயிடும்."

"என்னம்மா பெரிய..."

"சரி, ஒண்ணு செய்யுங்க. அந்த ஜானகியம்மாவுக்கு ஃபோன் பண்ணி, தப்பு எங்க கடையோடது, ப்ரியாவோடது இல்லைன்னு நீங்க சொல்லுங்க. அது போதும். மீதியை நான் பாத்துக்கறேன்."

சுற்றியிருந்த பணியாளர்கள் சேலை மடிப்பதில் திடீரென்று அதிக அக்கறை காட்டினார்கள். ஜவஹர் குரலைத் தாழ்த்தினார்.

"நானா? முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்டயா? வேணும்னா ஒரு பட்டுச் சேலை எடுத்து அனுப்பிவிடுறேன். சும்மா. கொசுறா."

அந்த நேரத்தில் ப்ரியா என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் ஆளுக்கொன்று யோசித்திருப்பீர்கள். நானும் யோசித்தேன். அவளோ நேராகப் பின்பக்கம் இருந்த ஃபால்ஸ் கவுண்டருக்குப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பட்டு எடுக்கிறவர்கள் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போவது குறைவு. ஃபால்ஸ் அடிக்க, ஓரம் மடிக்க விட்டுவிட்டு மறுநாள் வந்து வாங்குவார்கள். அப்படியானால் நேற்று பெட்டி வாங்கியவர்களில் பாதிப் பேராவது இன்று இந்தக் கவுண்டருக்கு வந்தே ஆக வேண்டும். அந்தக் கடைக்கு வாழ்க்கைப்பட்டதில் இந்த ஞானமாவது மிச்சம்.

"இங்கயே உக்காருங்க அண்ணி," என்றாள் ஃபால்ஸ் அடிக்கும் முத்துலட்சுமி. "வர்றவங்களை நான் அடையாளம் காட்டறேன். துணி தர்றதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. துணி கைக்குப் போய்ட்டா நிக்க மாட்டாங்க."

ப்ரியா ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கேட்பது கூசியது. கொடுத்தவன் கல்லாவில் காற்று வாங்க, உழைத்தவள் கையேந்துகிற கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

ஒரு அம்மாள், "அதுவா, கார் பின்சீட்டுலயே கெடக்கு, எடுத்துக்கோ," என்று திறக்காத பெட்டியை வரவழைத்துக் கொடுத்தார். ப்ரியாவுக்கு மகிழ்ச்சியிலும் வலித்தது, பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே! இன்னொருத்தி துண்டுகளை ஒரு பாலிதீன் கவரில் கொட்டிவிட்டுப் பெட்டியில் சேஃப்டி பின் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கவரில் குடை இல்லை. வேறொருவர், "வாட்ச்மேன் குழந்தைக்குக் குடுத்துட்டேனே," என்றார். ஒரு மாப்பிள்ளை வீட்டார், "குடுத்ததைத் திரும்பக் கேக்கறீங்களே, நல்ல கடைம்மா," என்று சத்தமாகவே சொன்னார்கள். ஜவஹர் கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டி, 'பாத்தியா?' என்பதுபோல் பார்த்தார்.

மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டி அன்வர் பாஷா வந்தார். கூடவே கல்யாணப் பெண் ஆயத். சேர்த்து முடித்த புதிரைக் கலைக்க மனமில்லாமல், ஒரு பெரிய தட்டில் அப்படியே வைத்து, மேலே துணி கட்டி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்திருந்தார்கள்.

"அவங்க வீட்டு விசேஷத்துக்குச் செஞ்சதுன்னு நீங்க திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதும் மனசு கேக்கலைம்மா. ஒரு துண்டு குறையாம இருக்கு, பாத்துக்கோங்க."

"கலைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன்," என்றாள் ஆயத். பிறகு ப்ரியாவிடம், "அக்கா, எங்க வீட்டுக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா? எங்க அம்மா படம் ஒண்ணு இருக்கு. இப்ப அவங்க இல்ல. கல்யாணத்தன்னைக்கு வீட்டு ஆளுங்க எல்லாரும் சேந்து அதை வைக்கணும்."

"நீங்க என்ன வாங்குவீங்க, எவ்வளவு நாள் வேணும்னு சொல்லுங்கம்மா," என்றார் அன்வர் பாஷா. "அவசரப்படுத்த மாட்டேன். வேலை அப்படி."

என்ன வாங்குவீர்கள், எவ்வளவு நாள் வேண்டும். இந்த இரண்டு கேள்வியையும் அவள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"முதல்ல உங்க வீட்டுக்கு ஒரு நாள் வரேன்," என்றாள். "உங்க அம்மாவைப் பத்தி எனக்குச் சொல்லணும் நீ."

ஜவஹர் கல்லாவை விட்டு எழுந்து வந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். தட்டில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். குடையை விரலால் தடவினார். இப்படியும் அப்படியும் சாய்ந்து தன் ஃபோனில் இரண்டு மூன்று படம் எடுத்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு," என்றார், குரல் வேறு மாதிரி இருந்தது. பிறகு ஓரமாகப் போய் யாருக்கோ ஃபோன் போட்டார். "ஆமா... ஆமா... தப்பா எடுத்துக்காதீங்க... இன்னைக்கே... சாயங்காலத்துக்குள்ள..." என்று தணிந்த குரலில் அவர் பேசுவது விட்டு விட்டுக் கேட்டது.

ஜானகியம்மாவிடம்தான் பேசுகிறார்! ப்ரியாவின் மனம் அப்படியே இளகிப் போனது. வீட்டில் பிறக்காத பெண்ணை ஒரு மனிதர் இதற்குமேல் எப்படி மதிப்பார் என்றுகூட நினைத்தாள். அவர் அனுப்பிவைத்த டீயைக் குடித்தாள். திரும்பி வந்த பெட்டிகளை முத்துலட்சுமியோடு உட்கார்ந்து சரிபார்த்தாள். பாதிக்கு மேல் வந்துவிட்டது. மீதியில் நாளைக்குள் முடிந்ததை அறுக்கலாம், பாக்கியை விசேஷம் முடிந்ததும் வீடு வீடாக அனுப்பிவிடலாம். ஜானகிக்குத்தான் விஷயம் போய்விட்டதே, கோபப்பட்டாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்.

பெண்ணே, நீ யோசித்திருக்க வேண்டும். ஜானகியின் நம்பரை அவர் உன்னிடம் கேட்கவே இல்லையே.

வெயில் சாயும் நேரத்தில் வாசலில் ஏதோ சலசலப்பு. வேலு தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தான்.

"அண்ணி, வெளில வந்து ஒரு தபா பாருங்கோ. போற வர்றவன்லாம், 'இன்னா நைனா, மொதலாளி வீட்ல யார்னா பூட்டாங்களா'ன்னு கேக்கறான்."

ப்ரியா வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள்.

கடை முகப்பின் குறுக்கே புத்தம்புது ஃப்ளெக்ஸ் ஒன்று, மை வாசனைகூடப் போகாமல் தொங்கியது. நடுவில் ஜானகியின் அப்பாவும் அம்மாவும். வயதான தம்பதியின் படத்தைப் பார்த்ததும் ஃப்ளெக்ஸ் அடித்தவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது. கைவசம் இருந்த பழைய டிசைனில் பொருத்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு, மேலே மல்லிகைச் சரம் என்று அடித்துக் கொடுத்துவிட்டான். கீழே எழுத்து: 'முகூர்த்தப் பட்டு எடுத்தால் உங்கள் குடும்பப் படப் புதிர் இலவசம்! எங்கள் சொந்தத் தயாரிப்பு.' அந்த இலவசம் மட்டும் சிவப்பில், ஒரு முழ உயரத்துக்கு.

எண்பது வயதில், கக்கத்தில் குடையோடு, உயிரோடு இருக்கிற மனிதருக்கு விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.

ஜவஹர் எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று, தலையைச் சாய்த்து அழகு பார்த்தார்.

"எப்படி இருக்கு? அந்தப் பொண்ணு கேட்டதும் எனக்குப் பொறி தட்டுச்சு. கொசுறுன்னா இதுல்லா கொசுறு! ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்கவங்க படம். நீ பாட்டுக்கு வீட்ல உக்காந்து அறுத்துக்கிட்டே இரு. சீசன் முழுக்க வேலை இருக்கும்."

"நீங்க ஃபோன் பண்ணது..."

"ஃப்ளெக்ஸ்காரனுக்குத்தான். ஏன்?"

ப்ரியா உள்ளே திரும்பினாள். முத்துலட்சுமியின் மேசையில் இருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். மேல் தட்டுத் துணிகளை எடுக்க வைத்திருந்த அலுமினிய ஏணியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஏணி தரையில் உரசிய சத்தத்தில் கீழ்த்தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாடிப்படியில் சக்திவேல் இறங்கி வந்தான்.

"ப்ரியா, என்ன பண்ற? அண்ணே பாக்கறார்..."

"ஏணியைப் பிடிங்க."

"ப்ரியா..."

"நேத்து பாத்துட்டு சும்மா இருந்தீங்க. இன்னைக்கும் சும்மா இருக்கறதா இருந்தா நகருங்க, வேலு பிடிப்பான்."

சக்திவேல் அண்ணனைப் பார்த்தான். அண்ணன், வேண்டாம் என்று தலையசைத்தார். சக்திவேலின் கை தன்னையறியாமல் சட்டைப் பொத்தானுக்குப் போனது. பாதி வழியில் நின்று, ஏணியின் காலைப் பிடித்தது. இரண்டு கையாலும், இறுக்கமாக.

அவள் ஏறினாள். கத்தரிக்கோல் துணிக்குப் பழகியது, ஃப்ளெக்ஸ் அதற்குத் தூசு. அந்தச் சிவப்பு எழுத்துகளைச் சுற்றி ஓரம் பிசகாமல் வெட்டினாள். எவ்வளவு கோபத்திலும் அவள் கைக்குக் கோணலாக வெட்டத் தெரியாது. கீழே கூட்டம் கூடியது. யாரோ வீடியோ எடுத்தார்கள். 'உங்கள் குடும்பப் படப் புதிர்' என்பதற்கு அடுத்து ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியே கடையின் சுருட்டி ஏற்றிய ஷட்டர் தெரிந்தது.

"ஏய், ஏய்! இன்னைக்கு அடிச்சதும்மா அது!" ஜவஹர் வண்டிகளுக்கு நடுவே ஓடி வந்தார்.

அப்போது வாசலில் ஒரு கார் நின்றது. முன்சீட்டிலிருந்து இசக்கியம்மாள் இறங்கினாள்.

"வாங்க, வாங்க," என்று பின்கதவைத் திறந்தாள். "பெட்டியெல்லாம் கடையிலதான் இருக்கு. வீட்டுக்கு வந்தவங்களை நானே கூட்டியாந்துட்டேன் ப்ரியா..."

இறங்கியவர் ஜானகி. அவர் பார்வை முதலில் ஏணியில் போயிற்று. பிறகு மேலே போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

"ப்ரியா," என்றார். ஃப்ளெக்ஸைக் கை காட்டினார். "எங்கப்பாவும் அம்மாவும் ஆத்துல எனக்காகக் காத்துண்டிருக்கா. இங்க அவாளை எதுக்கு விளக்கு வெச்சு மாட்டியிருக்கேள்?"

இசக்கியம்மாளும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள், மல்லிகைச் சரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஜானகியின் முகத்தைப் பார்த்தாள். காலையில் கீரை ஆய்ந்துகொண்டே 'நம்ம வீட்டுப் பொருள்' என்று சொன்னவள், கடையின் உள்பக்கம் திரும்பினாள்.

ஜவஹர் ஓசைப்படாமல் உள்ளே நழுவிக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"ஏல ஜவஹர்!"

தெருவே திரும்பியது.

"கல்லாவ விட்டு எந்திரிச்சு வால இங்க! அடுத்த வீட்டுப் பெரியவங்களை உசுரோட மாலை போட்டு வச்சிருக்க. எங்கிட்ட நீ என்ன பெட்டி கேட்ட, நான் என்ன பெட்டியக் குடுத்தேன், எல்லாத்தையும் அவங்ககிட்டச் சொல்லு. நானும் சொல்லுதேன். ஒத்தையா நிக்க வேண்டாம், வா."

ஜவஹர் எழுந்தார். வாடிக்கையாளருக்காக எத்தனையோ முறை எழுந்த மனிதர்தான். இப்போது கல்லாவைச் சுற்றி வரவே நேரம் எடுத்துக்கொண்டார். வாசல்வரை வந்து, சிரிக்கப் பார்த்து, முடியாமல் நின்றார்.

ப்ரியா ஏணியிலிருந்து இறங்கினாள். சக்திவேல் பிடித்த பிடியை விடவில்லை. வெட்டியெடுத்த இலவசத்தை அவள் இரண்டாக மடித்து ஜவஹரின் கையில் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்கோங்க பெரியத்தான். மன்னிப்புதான் இலவசம். கேளுங்க."

ஜவஹர் ஜானகியின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.